முதல் மூன்று வாரம் பென்சில் வேண்டாம்

ஜூன் மாதத்தில் எல்கேஜி வகுப்புப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரு பிள்ளை அழத் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் மொத்த வகுப்பும் சேர்ந்துகொள்ளும். 16 வருடமாக இந்த அழுகையைக் கேட்டு வருகிறேன். அம்மாவைத் தேடுவது ஒரு பக்கம். கண்ணில் படுகிற எதுவுமே தெரிந்த பொருளாக இல்லை என்பது இன்னொரு பக்கம். சுவரில் இக்லூ, பனிமனிதன். மூன்றரை வயதுப் பிள்ளை மிரளாமல் என்ன செய்யும்?

அதனால் என் வகுப்பில் முதல் வாரத்தின் தலைப்பு டிபன் டப்பா. வீட்டிலிருந்து கூடவே வந்த சொந்தம் அதுதானே! டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வட்டமாக உட்காருவோம். பாட்டில்களை உயர வரிசையில் நிறுத்துவோம். சிவப்பு மூடியெல்லாம் இங்கே, நீல மூடியெல்லாம் அங்கே என்று பிரிப்போம். எல்லா மூடியையும் கலைத்துப் போட்டு, எது யாருடையது என்று தேடுவோம். எண்ணிக்கை, நிறம், பெரியது சிறியது எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும். அப்புறம்தான் பெரிய வேலை, டப்பாவைத் தானே திறப்பது. பாதிப் பிள்ளைகளுக்கு வராது. மதியச் சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பினால் ‘சாப்பாடு பிடிக்கவில்லை போல’ என்று நினைக்கிறோம். பல நேரம் மூடி இறுக்கமாக இருந்ததுதான் காரணம். பள்ளி திறக்கும் முன் வீட்டில் நான்கு நாள் திறந்து மூடப் பழக்குங்கள்.

“மிஸ், பத்து நாள் ஆச்சு, இன்னும் ‘அ’கூட எழுத வைக்கலையே?” என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. இந்த வயதில் அவற்றில் பாதியாவது இன்னும் இறுகாத குருத்தெலும்புதான். பென்சிலுக்கு முன்னால் பிசைய, கிள்ள, திருக விரல்கள் பழக வேண்டும். கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-ல் வைத்த ஜெர்மானியர் ஃப்ரோபெல், பிள்ளைகளின் கையில் முதலில் கொடுத்தது கம்பளி நூல் பந்து. நான் கொடுப்பது சப்பாத்தி மாவு.

இரண்டாம் வாரம் மாம்பழம். ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்வேன். கிளிமூக்குக்கு மூக்கு எங்கே, செந்தூராவில் சிவப்பு எந்தப் பக்கம் என்று தடவிப் பார்ப்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டு முகரச் சொன்னால் காயா பழமா என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். காம்பில் வடியும் பால் பட்டால் சிலருக்கு வாயோரம் புண்ணாகும். அதனால் நன்றாகக் கழுவி, காம்புப் பக்கத்தைத் தள்ளி, நானே நறுக்கிக் கொடுப்பேன்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் காய்ந்த பட்டாணியைப் பிரிக்கும் விளையாட்டு வைத்தேன். தாள் எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு பிள்ளை பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டது. ஈரம் பட்டால் பட்டாணி ஊதும். ஹேர்பின்னால் தோண்டினால் இன்னும் உள்ளே போகும். உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடினோம், நல்லபடியாக எடுத்துவிட்டார். அன்றிலிருந்து மூக்கில் நுழையக்கூடிய எதுவும் எல்கேஜி மேசைக்கு வராது. புளியங்கொட்டை, சோழி எல்லாம் யுகேஜியில் பார்த்துக்கொள்ளலாம்.

‘மஞ்சள் தினம்’ கொண்டாடும் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. முந்தின நாள் இரவு மஞ்சள் சட்டை தேடிக் கடைகடையாக அலைவது அப்பாக்கள்தான். பிள்ளைக்குக் கிடைப்பது வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். வீட்டிலிருந்து ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு கொடுத்துவிட்டால் போதும். உரசிப் பூசினால் அன்றைய பாடம் கையிலேயே ஒட்டியிருக்கும்.

மூன்றாம் வாரத்துக்கென்று தனித் தலைப்பு வைப்பதில்லை. தின்ற மாம்பழக் கொட்டைகளைக் காயவைத்து, மேல் ஓட்டை நான் பிளந்து கொடுக்க, உள்ளே இருக்கும் பருப்பைத் தொட்டியில் புதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். முளைத்ததா என்று பார்க்கும் அவசரத்தில் அம்மாவின் கையை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடிவருவார்கள். சில நாள் பொறுமையில்லாமல் தோண்டியும் பார்த்துவிடுவார்கள், சரி, போகட்டும். ஒரு வருடம் முதல் தளிர் வந்தபோது ஒரு சிறுமி என் துப்பட்டாவை இழுத்து, “மிஸ், இலை ஏன் சிவப்பா இருக்கு?” என்றாள். பச்சை நிறத்துக்கு இலைப் படம் போட்ட அட்டை அவளுக்கு நேர் எதிரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டியைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்தேன்.