கடிதக் கட்டை அவிழ்ப்பதற்கு முன்

மூன்று தலைமுறைக்கு முந்தைய வணிகக் கடிதங்களை ஒரு குடும்பத்தினர் எங்கள் ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். தூசு தட்டி, அனுப்பியவர் பெயர்வாரியாகப் பிரித்து, முக்கியமென்று பட்டவற்றை லேமினேஷன் செய்திருந்தார்கள். கிழிசல்களில் செலோ டேப். உறைகளைக் காணோம், தபால்தலையை வெட்டியெடுத்தபின் எறிந்துவிட்டார்களாம். பல நாள் உழைப்பு அது. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடிதங்கள் எப்படிச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன என்பதிலேயே பாதிச் செய்தி இருக்கிறது. சரக்கு விசாரணை, விலைப் பேச்சு, பட்டியல், பணம் வராத கோபம், கடைசியில் சமரசம். இவையெல்லாம் ஒரே நூலில் கட்டியிருந்தால் ஒரு பேரத்தின் முழுக் கதை. பெயர்வாரியாகப் பிரித்தவுடன் அந்தக் கதை சிதறிவிடுகிறது. தேதியில்லாத துண்டுச் சீட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் தாள்கள்தாம் அதன் காலத்தைச் சொல்லும். உறையின் தபால் முத்திரையோ, பதில் தாமதமானது வணிகரின் மெத்தனத்தாலா, வழிப்பயணத்தாலா என்று காட்டிக்கொடுக்கும்.

இத்தாலியின் பிராத்தோ நகர வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி 1410-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கடிதங்கள் ஏறத்தாழ 1,50,000. படிக்கட்டின் அடியில் மூட்டைகளாகக் கிடந்தவற்றை 1870-இல் கண்டெடுத்தார்கள். அத்தனை நூற்றாண்டுகளாக யாரும் அவற்றைத் திருத்தி அடுக்க முனையாததும் ஒரு பாக்கியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

லேமினேஷனைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது அநேகமாக இயலாது. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்த பழைய மை காலப்போக்கில் தாளையே அரிக்கக்கூடியது. மேலே பிளாஸ்டிக் ஒட்டினாலும் உள்ளே அரிப்பு நிற்பதில்லை. செலோ டேப்பின் பசை பழுப்பேறி எழுத்தின்மேல் பரவுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படிக் கட்டுகள் இருந்தால், முதலில் இருக்கிற நிலையிலேயே படமெடுங்கள். இறுகி இற்றுப்போன ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த குண்டூசியையும் தாள் கிழியாமல் வருமென்றால் மட்டும் எடுங்கள். எவை சேர்ந்திருந்தன என்று குறித்துவையுங்கள். மற்றதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

புறப்படும்போது அந்த வீட்டுப் பெரியவர், “பரணில் ஒரு தடித்த புத்தகம் கிடக்கிறது, எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி மங்கித் தெரிகிறது, எறிந்துவிடலாமா?” என்று கேட்டார். அன்றே எடுத்துவரச் சொன்னேன். அது கடித நகல் ஏடு. ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற முறை: இதற்கென்ற தனி மையில் புதிதாக எழுதிய கடிதத்தின்மேல் நனைத்த மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து இடம்வலம் மாறிப் பதியும், தாளின் மறுபக்கம் வழியாகப் பார்த்தால் நேராகத் தெரியும். மையின் தன்மையால் இந்த ஏடுகள் ஈரம் பட்டால் கரைந்துவிடும், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். “படிக்க முடியவில்லை” என்று குப்பைக்குப் போகிறவை பெரும்பாலும் இவைதாம்.

வந்த கடிதங்கள் பிறர் சொன்னதை மட்டுமே சொல்லும். இவர்கள் எழுதிய பதில்கள் அந்த ஏட்டில், தேதி வரிசையில், பக்க எண்களோடு இருந்தன. ஒவ்வொரு பதிலையும் அதற்குரிய கடிதத்தோடு பொருத்திப் பொருத்தி, கலைந்த வரிசையில் பெரும்பகுதியை மீட்டோம். வெட்டியெறிந்த உறைகளுக்கு மட்டும் மாற்று எதுவும் கிடைக்கவில்லை.