பூங்காவில் பருவநிலைப் பாடம், பல்கலைக்கழகத்துக்குப் பணம்: அமெரிக்கக் கூட்டுறவு ஒப்பந்தம் எப்படி நடக்கிறது?

அமெரிக்க மத்திய அரசின் மானிய அறிவிப்புகள் கிராண்ட்ஸ் டாட் கவ் என்ற தளத்தில் வரும். அங்கே தேசியப் பூங்காச் சேவை என்று தேடினால், 'பூங்காக்களில் பருவநிலை மாற்றக் கல்விக்குப் பல்கலைக்கழக உதவி' என்ற வகையில் ஒரு தலைப்பு அவ்வப்போது கண்ணில் படும். தொகை இருக்கும், தேதி இருக்கும். நாமும் விண்ணப்பிக்கலாமே என்று உள்ளே போய்ப் பார்த்தால், பணம் பெறப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயர் ஏற்கெனவே அதில் எழுதியிருக்கும்.

பார்த்தவுடன் உள்ளடி வேலை என்று தோன்றும். ஆனால் சட்டப்படியே இது இப்படித்தான் நடக்கிறது. இந்தப் பணம் பெரும்பாலும் 'கோவாபரேட்டிவ் அக்ரிமென்ட்' எனப்படும் கூட்டுறவு ஒப்பந்தத்தின் வழியாகப் போகிறது. உதவித்தொகைக்கும் பொது மானியத்துக்கும் உள்ள விதிகளை மனதில் வைத்துக்கொண்டு அந்த அறிவிப்பைப் படித்தால் ஒன்றும் பிடிபடாது.

சரி, பூங்காவுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு?

அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவை 1916இல் தொடங்கியது. இன்று 400க்கும் மேற்பட்ட இடங்கள் அதன் கையில் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு இடத்தின் கதையைச் சொல்வது ரேஞ்சர்களின் முக்கிய வேலைகளில் ஒன்று: நடைபாதை ஓரத்துப் பலகை, மாலை நேரப் பேச்சு, பள்ளிப் பிள்ளைகளுக்கான வகுப்பு. 2010இல் இந்தச் சேவை வெளியிட்ட பருவநிலைச் செயல் உத்தி நான்கு தூண்களைச் சொன்னது. அறிவியல், மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைதல், உமிழ்வைக் குறைத்தல், மக்களிடம் எடுத்துச்சொல்லுதல். நான்காவது தூணுக்கென்றே 2016இல் தனியாக ஒரு கல்வி உத்தியும் வந்தது.

எடுத்துச்சொல்வது லேசான காரியமில்லை. மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் நடந்ததைப் பார்த்தால் புரியும். 1850 வாக்கில் அந்தப் பகுதியில் சுமார் 150 பனியாறுகள் இருந்தன என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் கணக்கு. பனியாறு என்று கணக்கில் சேர்க்கத் தேவையான பரப்பு 2015இல் இருந்தவை 26தான். உருகுகிற வேகத்தைப் பார்த்து, 2020க்குள் எல்லாமே போய்விடும் என்று பூங்காவில் பலகை வைத்திருந்தார்கள். பிறகு கணிக்கும் முறை மாறியது. அவ்வளவு சீக்கிரம் போகாது என்று 2017இல் பூங்காவுக்குத் தகவலும் வந்தது. ஆனால் பராமரிப்புக்குப் பணம் போதாததால் எல்லாப் பலகைகளையும் உடனே மாற்ற முடியவில்லை. 2020 பிறந்தது, பனியாறுகள் இருந்தன, 'போய்விடும்' என்ற பலகையும் சில இடங்களில் இருந்தது. பருவநிலை மாற்றமே புளுகு என்பவர்களுக்கு அது அவலாகிப் போனது. அதற்குப் பதில் வந்த வாசகம் ஆண்டு எதையும் சொல்லவில்லை; எப்போது முழுதாய் மறையும் என்பது நாம் எப்போது, என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றது.

பனியாறுகள் சுருங்குவது உண்மை, தேதிதான் தவறு. ஒரு கணிப்பில் எவ்வளவு உறுதி, எவ்வளவு ஊகம் என்று பார்த்து, அதைச் சுற்றுலாப் பயணிக்குப் புரியும்படி நான்கு வரியில் எழுதி, கணிப்பு மாறும்போது வரியையும் மாற்றத் தனித் திறமை வேண்டும். அந்த ஆட்கள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். பூங்காவிடம் இடம் இருக்கிறது, கேட்க வருகிற கூட்டம் இருக்கிறது. அலாஸ்காவின் எக்ஸிட் பனியாற்றுக்குப் போகும் வழியில், பனியின் விளிம்பு எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று ஆண்டு எண்களை நட்டு வைத்திருக்கிறார்கள். நடந்து போகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த மாதிரி யோசனைக்குப் பின்னால் துல்லியமான அளவீடு வேண்டும். பூங்கா ஊழியர்கள் மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது.

இனிச் சட்டம். அரசு வெளியாருக்குப் பணம் கொடுக்க மூன்று வழி என்று 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிரித்து வைத்திருக்கிறது. அரசு தன் சொந்தத் தேவைக்குப் பொருளோ சேவையோ வாங்கினால் அது கொள்முதல் ஒப்பந்தம். பொதுமக்களுக்கு நன்மை தரும் வேலைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அரசு பெரும்பாலும் ஒதுங்கி நின்றால் அது மானியம். அதே பொது நன்மைதான், ஆனால் அரசும் வேலையில் கணிசமாகப் பங்கெடுக்கும் என்றால் அது கூட்டுறவு ஒப்பந்தம். பூங்கா அலுவலகத்துக்குத் துண்டுப் பிரசுரம் அச்சடித்துத் தருவது முதல் வகையில் வரும். ரேஞ்சர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதி, அதைப் பார்வையாளர்களிடம் சோதித்துப் பார்த்துத் திருத்துவது மூன்றாம் வகை. அறிவிப்பில் 'கணிசமான ஈடுபாடு' என்று ஒரு பத்தி இருக்கும். பூங்கா என்ன செய்யும், பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்பதெல்லாம் அதில்தான். பலர் தாண்டிப் போய்விடுகிற அந்தப் பத்தியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

1998இல் வந்த தேசியப் பூங்காக்கள் பொது மேலாண்மைச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. பூங்காக்களைப் பற்றிய முடிவுகள் அறிவியலின் அடிப்படையில் இருக்க வேண்டும், அதற்காகப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு ஆய்வு அலகுகளை அமைக்க வேண்டும் என்றது. அதையொட்டி 1999 முதல் உருவானவைதான் கூட்டுறவுச் சூழலமைப்பு ஆய்வு அலகுகள். சுருக்கமாக சி.இ.எஸ்.யு. மாநில எல்லையைப் பார்க்காமல் இயற்கை நிலப்பரப்பைப் பார்த்து நாட்டை 17 அலகுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய்ப் பல்கலைக்கழகம் உண்டு. ராக்கி மலை அலகு மிசூலாவில் உள்ள மொன்டானா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, பசிபிக் வடமேற்கு அலகு சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கொலராடோ பீடபூமி அலகு வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில். தாய்ப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மற்றப் பல்கலைக்கழகங்களும், பூங்காச் சேவை மாதிரியான பல அரசுத் துறைகளும், தொண்டு நிறுவனங்களும் உறுப்பினர்களாகச் சேர்ந்திருக்கும்.

எல்லாரும் சேர்ந்து ஐந்தாண்டுத் தாய் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திடுவார்கள். அதில் பணம் கிடையாது. பிறகு வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி ஒப்பந்தம்; பணம் அதில்தான் வரும். நீங்கள் தளத்தில் பார்க்கிற அறிவிப்பு பெரும்பாலும் இந்தப் பணி ஒப்பந்தத்தைப் பற்றியது. இன்னாருக்கு இன்ன வேலைக்காக வழங்க எண்ணியிருக்கிறோம் என்று ஊரறியச் சொல்வதே அதன் நோக்கம்.

ஏன் போட்டி வைக்கவில்லை என்றால், அதற்குக் காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும். பூங்காச் சேவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது (அங்கே அது நிலம், இயற்கை வளங்களைப் பார்க்கும் அமைச்சகம்); அதன் விதிகள் சில காரணங்களை ஏற்றுக்கொள்கின்றன. ஏற்கெனவே நடக்கிற வேலையின் தொடர்ச்சி என்பது ஒன்று. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே உள்ள தனித் தகுதி என்பது இன்னொன்று. கேளாமலேயே ஒருவர் நல்ல திட்டத்தோடு வந்தார், அவசர நிலை என்பனவும் பட்டியலில் உண்டு. 'தனித் தகுதி' என்பதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சில அறிவிப்புகளில் உருப்படியான காரணம் இருக்கும். சிலவற்றில் பல்கலைக்கழகத்தின் பெருமைதான் இருக்கும்.

பூங்காச் சேவைக்கு இந்த வழி ஏன் பிடிக்கிறது என்பதற்குப் பணக் கணக்கும் ஒரு காரணம். ஆய்வுப் பணம் வந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்று மறைமுகச் செலவுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் அது 50 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். சி.இ.எஸ்.யு. ஒப்பந்தத்தில் 17.5 சதவீதம்தான். நேரடிச் செலவு 1,00,000 டாலர் என்றால் மொத்தம் 1,17,500 டாலரில் முடியும். 50 சதவீத விகிதமாக இருந்தால் அதே வேலை 1,50,000 டாலர் வரை போகும். (சில செலவு இனங்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதனால் அசல் பட்ஜெட்டில் கொஞ்சம் மாறும்.) பல்கலைக்கழகம் இதற்கு ஏன் ஒத்துக்கொள்கிறது? மாணவர்களுக்கு வேலை, களத்துக்குள் போக வழி, ஒன்று முடிந்தால் அடுத்தது என்று தொடரும் உறவு. அது அவர்களுக்குப் போதும்.

இந்தப் பணத்தில் ஒரு பெரிய பங்கு ஆட்களுக்குப் போகும்: ஆய்வு உதவியாளர் சம்பளம், பேராசிரியரின் நேரம், பயிற்சி மாணவர்களின் படி. மிச்சம் ரேஞ்சர்களுக்கான பயிலரங்கு, பாடப் பொருள்கள், வந்தவர்களுக்கு என்ன புரிந்தது என்று பார்க்கும் கணக்கெடுப்பு. பருவநிலையில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கென ஜார்ஜ் மெலண்டெஸ் ரைட் பெயரில் ஒரு பயிற்சித் திட்டத்தைப் பூங்காச் சேவை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தியது. அந்த ரைட் யார் என்றால், 1929இல் பூங்காக்களின் வனவிலங்கு ஆய்வைத் தன் சொந்தக் காசைப் போட்டுத் தொடங்கிவைத்த உயிரியலாளர். அன்றைக்கு அரசிடம் அதற்குப் பணம் இல்லை.

எல்லாப் பணமும் பூங்காவிலிருந்தே வருவதில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளை 2010இல் பருவநிலைக் கல்விக் கூட்டணிகளுக்கென்று போட்டி முறையில் நிதி தந்தது. அதில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் பூங்காக்களுக்கும் வனவிலங்குப் புகலிடங்களுக்கும் வருகிறவர்களோடு வேலை செய்தது. அங்கே பல்கலைக்கழகம் போட்டியிட்டு வென்று பூங்காவைத் துணைக்கு அழைக்கிறது. இங்கே பூங்கா பல்கலைக்கழகத்தை அழைக்கிறது.

அமெரிக்காவில் படிக்கிற, படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது? தனி ஆளாக யாரும் இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. வழி பேராசிரியர் மூலம்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிற முதுகலை, முனைவர் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவியாளராக இப்படிப்பட்ட திட்டத்தில் வேலை பார்க்கலாம்; படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற வழக்கமான வரம்பு இதற்கும் உண்டு. இளைஞர்களைப் பூங்கா போன்ற பொது நிலங்களில் வேலைக்கு எடுக்கும் 'பொது நிலப் படை' சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி இடங்கள் வேறு. அவை குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் மட்டுமே, அதுவும் 16 முதல் 30 வயது வரை. முன்னாள் படைவீரர் என்றால் 35 வரை. 'இன்டர்ன்' என்று ஒரே சொல்லில் இரண்டையும் எழுதியிருப்பார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

காகித வேலைகளைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதி அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அரசுப் பணம் பெறுவோர் பதிய வேண்டிய சாம் டாட் கவ் தளத்தில் பதிவு, செலவானதைக் கருவூலத்தின் தளத்திலிருந்து எடுப்பது, காலாகாலத்தில் நிதி அறிக்கை, பணி அறிக்கை. அறிவிப்பில் 15.945 என்ற திட்ட எண் இருந்தால் பூங்கா வளங்கள் குறித்த கூட்டு ஆய்வு, பயிற்சிக்கான கணக்கிலிருந்து பணம் வருகிறது என்று பொருள். தேடும்போது தலைப்பைவிட இந்த எண்ணே கைகொடுக்கும்.

கடைசியாக, கையெழுத்தாகிவிட்டது என்பதால் பணம் முழுவதும் வந்தே தீரும் என்று இல்லை. மத்திய மானியங்களுக்கான பொது விதியில், ஒரு திட்டம் அரசின் முன்னுரிமைகளுக்கு இனிப் பொருந்தவில்லை என்றால் பணம் வழங்கிய ஒப்பந்தத்தின் நிபந்தனைக்கு உட்பட்டு இடையிலேயே நிறுத்த இடமுண்டு. 2025இல் பல துறைகள் இந்த விதியைத் தாராளமாகப் பயன்படுத்தின. அதே ஆண்டு மே மாதம் உள்துறை அமைச்சர் பூங்காப் பலகைகளை மறுபரிசீலனை செய்ய உத்தரவிட்டார். செப்டம்பரில் மெய்ன் மாநிலத்தின் அகாடியா தேசியப் பூங்காவில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பலகைகளை எடுத்துவிட்டார்கள். ஆகவே இப்படிப்பட்ட திட்டத்தில் சேரப் போகிற மாணவர் பேராசிரியரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். பணம் முழுதும் இப்போதே ஒதுக்கப்பட்டதா, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத் திருத்தத்தில் வருமா? நடுவில் நின்றுபோனால் என் சம்பளத்தைப் பல்கலைக்கழகத் துறை ஏற்குமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.