கவுன்ட் டவுனை நிறுத்தும் உரிமை யாருக்கு?

தொழில் தொடங்குகிறவர்களிடம் விண்வெளிப் பேச்சு வந்தால், அது பெரும்பாலும் துணிச்சலில்தான் போய் முடியும். நிலவையே தொட்டுவிட்டார்கள், நம்மால் முடியாதா என்பார்கள். சிறு நிறுவனங்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் வேலை. துணிச்சல் போதாமல் மூடிய நிறுவனங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உள்ளே ஒருவருக்குத் தெரிந்திருந்த விஷயம் உரிமையாளரின் காதுக்குப் போகாததால் மூடியவற்றைப் பார்த்திருக்கிறேன். விண்வெளித் துறை உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடமும் அதுதான்.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். விண்ணோடத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் சூடான வாயு கசியாமல் தடுக்க ரப்பர் வளையங்கள் இருந்தன. முந்தைய இரவு உறைபனிக் குளிர். விறைத்துப்போன வளையம் இடைவெளியைச் சரியாக அடைக்கவில்லை. இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதை. தொழில் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது அதற்கு முந்தைய ஆண்டுகளை.

அந்த வளையம் அரிக்கப்படுகிறது என்பது 1981-இல், விண்ணோடத் திட்டத்தின் இரண்டாவது பயணத்திலேயே தெரிந்துவிட்டது. வடிவமைப்பின்படி அங்கே அரிப்பே இருக்கக் கூடாது. ஆனால் விண்ணோடம் பத்திரமாகத் திரும்பியது. அப்புறம் வேறு சில பயணங்களிலும் அரிப்பு இருந்தது. அவையும் பத்திரமாகத் திரும்பின. 'இந்த அளவுக்குப் பரவாயில்லை' என்ற கோடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்தது. முதலில் எச்சரிக்கை மணியாகத் தெரிந்த அரிப்பு வழக்கமாகிப்போனது.

இதே கதையை ஒரு நிறுவனத்தின் நிலுவைப் பட்டியலில் நான் பார்த்தேன். அவர்களின் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம். 30 நாளில் வர வேண்டிய பணம் முதலில் 40 நாளில் வந்தது. பிறகு 60 நாள், 90 நாள். ஒவ்வொரு முறையும் பணம் எப்படியோ வந்துவிட்டதால், தாமதம் அந்த வாடிக்கையாளரின் குணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர் தொழிலையே மூடினார். இவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. கணக்குப் பார்த்தவர் பிறகு என்னிடம் சொன்னார்: "60 நாள் ஆனபோதே எனக்குப் பயம் சார். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்." அந்தப் பட்டியல் என் கைக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. நானும் அவரைக் கேட்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

சேலஞ்சர் விஷயத்தில் சொன்னவர்கள் இருந்தார்கள். புறப்படுவதற்கு முந்தைய இரவு தொலைபேசிக் கூட்டத்தில், ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் பரிந்துரைத்தார்கள். நாசா தரப்பு அதை ஏற்கத் தயங்கியது. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியாகப் பேசிவிட்டு வந்து, ஏவலாம் என்று மாற்றிச் சொன்னார்கள். வழக்கமாக அங்கே, பாதுகாப்பானது என்று காட்டினால்தான் ஏவுவார்கள். அன்றிரவு கேள்வி தலைகீழாகிவிட்டது: ஆபத்து என்று நிரூபிக்க முடியுமா? கையில் இருந்த குறைந்த தரவை வைத்துப் பொறியாளர்களால் அதை நிரூபிக்க முடியவில்லை.

நம் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி இப்படித்தான் திரும்புகிறது. புதுக் கிளை திறக்கும் தேதியை முடிவு செய்துவிட்டு, "இதில் என்ன தப்பு, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று உரிமையாளர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல ஆதாரம் வேண்டும். சந்தேகப்படுகிறவரிடம் ஆதாரம் இருக்காது, உறுத்தல்தான் இருக்கும். வாயை மூடிக்கொள்வார்.

வாய் திறந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 1999-இல் செவ்வாயை அடைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததற்குக் காரணம் ஓர் அளவுக் குழப்பம். ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது, மற்றவர்கள் அதை நியூட்டன் என்ற மெட்ரிக் அளவு என்று எடுத்துக்கொண்டார்கள். பாதையில் ஏதோ ஒட்டவில்லை என்று வழிகாட்டல் குழுவினர் முன்பே கவனித்திருந்தார்கள். ஆனால் அந்தச் சந்தேகம் முறையான வழியில் பதிவாகி, கடைசிவரை தொடரப்படவில்லை. "வாட்ஸ்அப் குழுவில் போட்டேனே" என்று ஊழியர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த விண்கலம் நினைவுக்கு வரும்.

சரி, நிறுத்துவதை நன்றாகச் செய்தவர்கள் இல்லையா? சந்திரயான்-2 புறப்பட இருந்தது 2019 ஜூலை 15 அதிகாலை. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, 56 நிமிடம் 24 விநாடி மிச்சமிருந்தபோது தொழில்நுட்பக் கோளாறு என்று கவுன்ட் டவுனை இஸ்ரோ நிறுத்தியது. ஒரு வாரம் கழித்து, ஜூலை 22-இல் ஏவினார்கள். நடுவில் பயணத் திட்டத்தைச் சரிக்கட்டியதால், நிலவில் இறங்கும் தேதி பெரிதாக மாறவில்லை. தேதியைத் தள்ளினால் மானம் போய்விடும் என்று நினைக்கிற ஒவ்வொரு தொழில்முனைவோரிடமும் இதைச் சொல்கிறேன்.

அந்தப் பயணத்தில் லேண்டர் நிலவில் மோதியது. அதற்குப் பிறகு செய்த வேலையை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். சந்திரயான்-3-ஐ வடிவமைத்தபோது, எதெது தவறலாம் என்பதிலிருந்து தொடங்கினார்கள். 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தைச் சுமார் 4 கி.மீ. நீளம், 2.4 கி.மீ. அகலம் என்று விரித்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23-இல் அது இறங்கியது. பெரும்பாலான வணிகத் திட்டங்களில் இறங்குமிடம் அந்தப் பழைய சதுரம்தான்: இந்தத் தேதிக்குள், இத்தனை ஆர்டர், இத்தனை வசூல். கொஞ்சம் விலகினாலும் இறங்க வேறு இடம் இல்லை.

தவறு நடந்தால் யார் முன்னால் நிற்பது என்பது இதோடு சேர்ந்த விஷயம். 1979-இல், செயற்கைக்கோள் ஏவ இந்தியா உருவாக்கிய எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல் தோற்றபோது, பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் வென்றபோது, பேசும்படி திட்ட இயக்குநர் அப்துல் கலாமை அனுப்பினார். தோல்விக்குத் தலைவர் முன்னால் நிற்பார் என்று தெரிந்த இடத்தில்தான் கீழே இருப்பவர் தன் சந்தேகத்தைச் சொல்வார்.

ராக்கெட் ஏவும் முன் ஒவ்வொரு பிரிவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தயாரா என்று கேட்பார்கள். என்னிடம் வரும் நிறுவனங்களில் பெரிய செலவுக்கு முன் இதைச் செய்யச் சொல்கிறேன். இளையவரில் தொடங்கி உரிமையாளரில் முடிய வேண்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். இல்லை என்று சொல்கிறவரிடம் ஆதாரம் கேட்கக் கூடாது. அவர் சொன்னதை எழுதி, யார், எந்தத் தேதிக்குள் பார்ப்பார் என்றும் எழுத வேண்டும்.

ஒரு நிறுவனத்தில் முதல் முறை இதைச் செய்தபோது, வேலையில் சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு பெண் "இல்லை" என்றார். கிடங்கில் உள்ள சரக்கும் கணினியில் உள்ள எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்றார். எல்லோரும் உரிமையாளரைப் பார்த்தார்கள். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து, அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, "எந்தெந்தப் பொருளில் பொருந்தவில்லை, சொல்லும்மா" என்று கேட்டார்.