டிரைவர்: ஓட்டுநரா, இயக்கியா?

கடைக்குப் புதிதாக பில் பிரிண்டர் வாங்கிவந்து மாட்டினால் முதல் கேள்வியே "டிரைவர் போட்டாச்சா?" என்பதுதான். பெட்டிக்குள் ஒரு குட்டி சிடி இருக்கும். அதைச் செருக லேப்டாப்பில் இடமே இருக்காது. அதே லேப்டாப்பில் மௌஸைச் செருகினால் எதுவும் கேட்காமல் ஓடும். ஏன் இந்த ஓரவஞ்சனை?

விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் சொல்வதை ஒரு கருவிக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தரும் மென்பொருளே டிரைவர். மௌஸ், கீபோர்டு, பென் டிரைவ் எல்லாம் பொதுவான யுஎஸ்பி நெறிப்படி பேசுபவை. இயங்குதளத்தோடு வரும் ஒரு டிரைவரே எந்தக் கம்பெனி மௌஸுக்கும் போதும். கிராபிக்ஸ் கார்டும் பல பிரிண்டர்களும் அப்படியல்ல. உள்ளே தனித்தனி பாஷை. அது கருவியைச் செய்த கம்பெனிக்காரர்களுக்குத்தான் தெரியும். பல நேரம் தொழில் ரகசியமும்கூட. அதனால் டிரைவர் எழுதும் வேலையும் பெரும்பாலும் அவர்கள் தலையில். விண்டோஸ், நம்பகமான இடத்திலிருந்து வந்ததுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடும்.

இந்த ரகசியம் ஒருவரை ரொம்பவே கடுப்பேற்றியது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரின் மூலநிரலை, அதாவது அதன் மென்பொருளை எழுதிய வரிகளை, கேட்ட அங்கத்திய புரோகிராமர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அது கிடைக்கவில்லை. யாரும் மூலநிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983-இல் அவர் அறிவித்ததற்கு அந்தக் கடுப்பும் ஒரு காரணம்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில டிரைவர் முதலில் மாடு ஓட்டியவர்; வண்டி, கார் எல்லாம் அப்புறம். நம் 'ஓட்டு' என்ற வினையும் மாட்டுக்கும் வண்டிக்கும் பொதுதான். ஆனால் ஓட்டுநர் என்றால் பஸ்ஸில் இருக்கிற ஆள். மென்பொருளுக்கு அது ஒட்டாது. இயங்கு என்பது தானாக நடப்பது, இயக்கு என்பது நடக்கவைப்பது. செயலி, உலாவி போல 'இ' விகுதி சேர்ந்து இயக்கி. தென்மாவட்டக்காரர்களுக்கு இசக்கியம்மன் நினைவுக்கு வரலாம். இசக்கி என்று மருவிய அந்த இயக்கி வேறு, யட்சி என்ற பெண் தெய்வப் பெயரின் தமிழ் வடிவம்.

எனக்கு ஒரு குறைதான்: இது செய்வது இயக்குவதைவிட மொழிபெயர்ப்பு. ஆனாலும் சொல் ஊன்றிவிட்டது. ஹார்டு டிரைவில் வரும் 'டிரைவ்' இயக்ககம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எழுதும்போது முதலில் 'சாதன இயக்கி', பிறகு வெறும் 'இயக்கி'. கடையில் கேட்கும்போது டிரைவர்தான்.