ஃப்ரான்டியர் எல்லை ஆகுமா?

போன வாரம் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு அமெரிக்கத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டுக் கதை. மரக்குடிசை, தோல் சட்டை, ஒரே கூரைக்குக் கீழே மூன்று தலைமுறை. மூட்டை முடிச்சோடு வண்டியில் ஏறும்போது கிழவர் ஏதோ சொன்னார். கீழே தமிழில் "நாம் எல்லைக்குப் போகிறோம்" என்று ஓடியது. அம்மா திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எந்த எல்லைக்குடா? அந்தத் தாத்தாவையுமா மிலிட்டரியில சேத்துக்கிட்டாங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. இந்த 'எல்லை'யை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு நாவலின் பின்னட்டையில் "எல்லைப்புற அமெரிக்காவில் ஒரு முன்னோடிக் குடும்பத்தின் காவியம்" என்று இருந்தது. ஒரு வரியில் மூன்று பிழை. மற்ற இரண்டுக்கும் அப்புறம் வருகிறேன். முதலில் எல்லைப்புறம்.

இரண்டு இடத்திலும் 'எல்லை' ஆகிப்போன ஆங்கிலச் சொல் 'ஃப்ரான்டியர்'. அதன் வேர் லத்தீனில் நெற்றியைக் குறிக்கும் சொல். பழைய பிரெஞ்சில் அது படையின் முன்வரிசையைச் சுட்டியது, பிறகு எதிரி நாட்டைப் பார்த்து நிற்கும் பகுதியை. ஆங்கிலத்துக்கு வந்தபோது இரு நாடுகள் சந்திக்கும் இடம் என்று நிலைத்தது. அட்லாண்டிக்கைத் தாண்டிய பிறகு பொருளே மாறிப்போயிற்று. அமெரிக்கர்கள் வாயில் அது குடியேற்றம் வந்து நிற்கும் கடைசி விளிம்பு. அந்தப் பக்கம் இன்னொரு நாடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்களுடைய மக்கள்தொகைக் கணக்கில் இதற்கு ஓர் அளவே வைத்திருந்தார்கள்: சதுர மைலுக்கு இரண்டு பேர். அதற்குக் குறைந்தால் குடியேறாத நிலம். 1890 கணக்கெடுப்பின்போது, இனி அப்படி ஒரு கோடு போட முடியாத அளவுக்கு ஆங்காங்கே குடியேறிவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் பிரடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் 1893 ஜூலையில் சிகாகோவில் தன் புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். ஐரோப்பாவில் இந்தச் சொல்லுக்குக் கோட்டை கட்டிக் காக்கும் கோடு என்று பொருள், அமெரிக்காவில் அப்படி இல்லை என்று அதில் அவரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். நூற்றுமுப்பது வருடம் கழித்தும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் காதில் அது விழவில்லை.

அப்படியானால் தமிழில் 'எல்லை' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? என் ஊகம், வடமேற்கு எல்லைப்புற மாகாணத்திலிருந்து. கான் அப்துல் கஃபார் கானை 'எல்லைக் காந்தி' என்று சொல்லிச் சொல்லி, ஃப்ரான்டியர் என்றால் எல்லை என்பது நம் மண்டையில் ஏறிவிட்டது. அங்கே அது பொருத்தமான சொல்தான். பிரிட்டிஷ் இந்தியாவும் ஆப்கானிஸ்தானும் சந்தித்த இடம் அது. இரண்டுக்கும் நடுவே டியூராண்ட் கோடு போட்ட ஒப்பந்தம் 1893 நவம்பரில் கையெழுத்தானது. அதே வருடம் ஜூலையில்தான் சிகாகோவில் டர்னர் பேசினார். ஒரே வருடம், ஒரே சொல், இரண்டு பொருள். காபூலுக்குச் செய்த சட்டையை கென்டக்கிக்கு மாட்டிவிட்டால் பொத்தான் எப்படிச் சேரும்?

தமிழில் எல்லை என்பது என்ன? அளந்து, கல் நட்டு, இது உன்னது அது என்னது என்று முடித்துவிட்ட இடம். எல்லைக்கல் இருக்கிறது, எல்லைச்சாமி இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தைப் பிரித்தால் செக்குபந்தி இருக்கிறது: வடக்கே இன்னார் மனை, கிழக்கே தெருவாய்க்கால். கல்வெட்டிலும் நான்கெல்லை சொல்லாமல் நிலதானம் கிடையாது. எல்லை நகராது. நகர்த்தினால் அது தகராறு, வெட்டுக்குத்து, சிவில் கேஸ். அமெரிக்கர்கள் சொல்லும் ஃப்ரான்டியரோ நகர்ந்துகொண்டே இருப்பது. நின்றால் அதன் கதை முடிந்தது.

கென்டக்கியில் முதலில் குடியேறியவர்களில் பெயர்பெற்றவரான டேனியல் பூனின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துத் தலைமுறைக் கதைகளில் பாதிக்கு இவர்கள்தான் அச்சு என்று எனக்குத் தோன்றும். தாத்தா ஜார்ஜ் பூன் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து 1717இல் பென்சில்வேனியா வந்தவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். டேனியல் அங்கே 1734இல் பிறந்தார். 1750ஐ ஒட்டி அப்பா ஸ்குவயர் பூன் குடும்பத்தோடு தெற்கே இறங்கி வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரைக்குப் போனார். டேனியல் மலையைத் தாண்டிக் கென்டக்கிக்குப் போனார், முதுமையில் மிசௌரிக்கு. பேரன் ஒருவர் கொலராடோ வரை போனார். இவர்கள் எல்லாரும் வாழ்ந்த இடம் ஃப்ரான்டியர். எல்லை என்று எழுதினால் எந்த எல்லை? அம்மா கேட்டதும் அதைத்தான்.

இன்னொன்று பாருங்கள். அங்கே உண்மையிலேயே ஓர் எல்லை இருந்தது. 1763இல் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அப்பலாச்சியன் மலைமுகட்டை ஒட்டி ஒரு கோடு கிழித்து, இதற்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரகடனம் போட்டார். தமிழில் எல்லை என்று சொல்லத் தகுந்தது அது. பூன் போன்றவர்கள் செய்தது அதைத் தாண்டியது. 1775இல் கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கோடரியோடு பாதை வெட்டிக்கொண்டு போய்க் கென்டக்கி ஆற்றங்கரையில் பூன்ஸ்பரோவை அமைத்தபோது, மன்னர் போட்ட எல்லை அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஃப்ரான்டியர் அவர்கள் காலடியில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வரலாற்றைத் தமிழில் சொல்லவே முடியாது. "எல்லைவாசிகள் எல்லையைத் தாண்டி எல்லைக்குப் போனார்கள்" என்றா எழுதுவது?

பூன் கடைசியில் நிலத்தை இழந்த கதைதான் இதில் உச்சம். அப்போது கென்டக்கியைத் தன் பகுதியாக வைத்திருந்த வர்ஜீனியா 1779இல் ஒரு சட்டம் போட்டது: 1778க்கு முன்பே வந்து குடியேறியவருக்கும் சோளம் விளைவித்தவருக்கும் 400 ஏக்கர், பக்கத்திலேயே இன்னும் 1,000 ஏக்கர் வாங்க முன்னுரிமை. சரி, எந்த இடம் என்று குறிப்பது யார்? அவரவரே. "பெரிய வெள்ளைக் கருவாலி மரத்திலிருந்து ஓடைத் திருப்பம் வரை, அங்கிருந்து அடையாளம் வெட்டிய மரம் வரை." அடுத்த வருடம் மரம் விழுந்துவிடும், ஓடை திரும்பிவிடும். ஒரே நிலத்துக்கு மூன்று பேர் பட்டா வைத்துக்கொண்டு நின்றார்கள். கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. பூன் தானே நில அளவையாளராகவும் வேலை பார்த்தவர். ஊருக்கெல்லாம் அளந்து கொடுத்துவிட்டுத் தன் பத்திரத்தில் ஓட்டை விட்டார். வழக்கிலும் கடனிலும் எல்லாம் போயிற்று. 1799இல் மிசிசிப்பியைத் தாண்டி, அப்போது ஸ்பெயின் வசம் இருந்த மிசௌரிக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லை சரியாக இல்லாததால் சொத்தை இழந்த மனிதரை 'எல்லைப்புற நாயகன்' என்று எழுதுவதற்கு மொழிபெயர்ப்பாளருக்குத் துணிச்சல் வேண்டும்.

இதற்கு மாற்றாக ஒரு நண்பர், தனித்தமிழ் ஆர்வலர், 'கன்னிநிலம்' என்கிறார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. அந்த நிலம் யாருடைய கையும் படாத நிலம் இல்லை. கென்டக்கி ஷானி, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காடு. 1773இல் பூன் முதல் தடவை குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோதே வழியில் தாக்குதல் நடந்தது. மூத்த மகன் ஜேம்ஸ் கொல்லப்பட்டான். 1776இல் மகள் ஜெமைமாவை, கூட இருந்த இரண்டு சிறுமிகளோடு, தூக்கிப் போனார்கள். அவர்களை மீட்டுக்கொண்டு வந்தார்கள். 1778இல் பூனே ஷானிகளிடம் சிக்கினார். அவர்களுடைய தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைக் கொல்லாமல் தன் மகனாகத் தத்தெடுத்து, 'பெரிய ஆமை' என்று பொருள்படும் பெயரும் வைத்தார். சில மாதம் அங்கே இருந்துவிட்டுத் தப்பி வந்தார் பூன். 1782இல் புளூ லிக்ஸ் சண்டையில் இன்னொரு மகன் இஸ்ரேல் அப்பாவின் கண்முன்னே செத்தான். இத்தனை பேர் செத்த மண்ணைக் கன்னிநிலம் என்று சொன்னால் அங்கே முதலில் இருந்தவர்களை ஒரே சொல்லில் இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். டர்னர் 'இலவச நிலம்' என்று எழுதியதும் இதே தப்புதான். அவருடைய பிழையையும் சேர்த்துத் தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டுமா? தூய்மை பார்க்கும்போது சொல்லின் தூய்மையை மட்டும் பார்த்தால் போதாது.

'விளிம்பு' என்று முயன்று பார்த்தேன். பொருள் கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் 'விளிம்புநிலை' என்று வேறு ஒரு பொருளில் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'விளிம்புக் குடும்பம்' என்றால் வாசகர் மனம் வேறு பக்கம் போகும்.

எனக்குப் பிடித்தது 'முனை'. போர்முனை என்று ஏற்கெனவே சொல்கிறோம், அது நெற்றி என்ற மூலப்பொருளுக்கும் பக்கத்திலேயே நிற்கிறது. பழைய தமிழில் முனை என்றால் இரண்டு தரப்பு முட்டிக்கொள்ளும் இடம். தொல்காப்பியத்தில் வெட்சியைச் சொல்லும்போது "வேந்துவிடு முனைஞர்" வருகிறார்கள், பகைப்புலத்தில் ஆநிரை கவரப் போகிறவர்கள். கென்டக்கிக்கு வடக்கே ஓடும் ஓஹையோ ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதிரை கவர்ந்துகொண்டு ஓடியவர்களுக்கு இதைவிடப் பக்கத்துச் சொல் கிடைக்காது. அப்புறம், முனை நகரும். முன்னேறும், பின்வாங்கும். குடியேறியவர் பக்கமிருந்து பார்த்தாலும் ஷானிகள் பக்கமிருந்து பார்த்தாலும் அது முனைதான். வெறும் முனை என்றால் கடலுக்குள் நீளும் நன்னம்பிக்கை முனை நினைவுக்கு வரும் என்று நண்பர் மடக்கினார். நியாயம். அதனால் முதலில் 'குடியேற்ற முனை' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கமாக 'குடிமுனை' என்று போகலாம்.

அந்தப் பின்னட்டை வரியின் மற்ற இரண்டு பிழைகளையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 'முன்னோடி'யில் தப்பில்லை, சூழலில்தான் தப்பு. முன்னோடி விவசாயி என்றால் வேளாண் துறையில் சால்வை போர்த்துவார்கள். முன்னோடி வங்கி என்றால் கடன் தருவார்கள். 'முன்னோடிக் குடும்பம்' ஏதோ குடும்பநல விளம்பரம் மாதிரி இருக்கிறது. 'முதல் குடியேறிகள்' போதும். 'காவியம்' அதைவிட மோசம். அங்கே மூலச்சொல் சாகா, தமிழில் அப்படியே எழுதினால் சாகாவரம் மாதிரி ஆகிவிடும் என்று பயந்திருக்கலாம். ஆனால் சாகா என்பது ஐஸ்லாந்துக்காரர்களின் உரைநடைக் கதை. சொல்வது என்ற வினையிலிருந்து வந்தது. அவற்றில் பெயர்பெற்றவை கடல் கடந்து போய்ப் புது நிலத்தில் குடியேறிய குடும்பங்களின் சண்டை சச்சரவுகளைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்கின்றன. பூன் குடும்பத்துக்கு நேர் மூதாதை. செய்யுளில் எழுதிய, மலைவளம் நாட்டுவளம் பாடிய காவியத்துக்கும் அதற்கும் என்ன உறவு? 'தலைமுறைக் கதை' என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

இந்தப் புத்தகங்களில் 'கோட்டை' என்று வருவதையும் பார்க்க வேண்டும். தமிழ் வாசகருக்கு உடனே செஞ்சி எழுந்து நிற்கும். பூன்ஸ்பரோ கோட்டை என்பது வரிசையாகக் கட்டிய மரக்குடிசைகள், இடையிடையே கூராகச் சீவி நட்ட மரக்கழிகள். வயலுக்கு இடம் பண்ணும்போதோ, மரத்தை வெட்டக்கூட நேரம் இல்லாமல், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மரம் நின்றபடியே காயும், இலை உதிரும், வெயில் கீழே இறங்கும். காய்ந்த மரங்களுக்கு நடுவே மண்ணைக் கொத்திச் சோளம் போடுவார்கள். "காடு கொன்று நாடாக்கி" என்று பட்டினப்பாலை கரிகாலனைச் சொல்லும். இங்கே காட்டை உண்மையாகவே நின்ற நிலையில் கொன்றார்கள். இதை ஒரு நாவலில் 'காடு திருத்தினர்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன், குடிமுனை உட்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காட்டை அழிச்சுக் குடியேறப் போறோம்னு போட வேண்டியதுதானே" என்றார். திரைக்குக் கீழே ஓடும் வரிக்கு அது போதும்தான், இடமும் பிடிக்காது. பின்னட்டைக்கும் வரலாற்றுப் புத்தகத்துக்கும் மட்டும் குடிமுனையை விடுவதாக இல்லை.