ஈமுவின் நொண்டலும் இறகுக்குள் மறைந்திருக்கும் இடுப்பு மூட்டும்

2012-இன் பிற்பகுதியில், கொங்கு மண்டலத்தில் ஈமு ஒப்பந்தப் பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து, தீனிக்கு வழியற்ற பறவைகளை உரிமையாளர்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த நாட்களில், பெருந்துறைக்கு அருகில் ஒரு தோட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். கொட்டகையின் மூலையில் ஒரு பெட்டை ஈமு இடது காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. வலது கால் உடலோடு சேராமல் பக்கவாட்டில் விலகிக் கிடந்தது. காலின் நடுவே பின்பக்கமாக மடங்கும் மூட்டைச் சுற்றி மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார் தோட்டத்துப் பெரியவர். “முட்டி நழுவிருச்சுங்க, டாக்டர். மூணு நாளா கட்டு மாத்தி மாத்திப் போட்டுட்டுத்தான் இருக்கறனுங்க” என்றார்.

கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அந்த மூட்டில் வீக்கமும் இல்லை, சூடும் இல்லை. கையை மேலே கொண்டுபோய், ஒரே அடியிலிருந்து இரட்டைத் தண்டாக முளைத்துத் தொங்கும் ஈமுவின் இறகுகளுக்குள் நுழைத்து, முதுகெலும்பை அடுத்த பக்கவாட்டில் மெதுவாக அழுத்தியதும், அதுவரை கல்லாகக் கிடந்த பறவை உதறிக்கொண்டு எழப் பார்த்தது. நோவு இடுப்பில். கட்டு அதற்கு ஒன்றரை அடி கீழே.

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பறவையின் காலைப் பார்க்கும் எவரும், பின்பக்கமாக மடங்கும் அந்த மூட்டையே முழங்கால் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கணுக்காலுக்குச் சமமானது. முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. அதற்கும் மேலே, உடலோடு ஒட்டி, ஏறக்குறைய முன்னோக்கிக் கிடக்கும் நிலையில் குட்டையான தொடை எலும்பு இருக்கிறது. பறவைக்கு எதிர்பாரமாக நீண்ட வால் இல்லாததால் உடலின் எடை மையம் இடுப்புக்கு முன்னால் விழுகிறது. பாதம் அந்த மையத்துக்கு நேர் கீழே வரவேண்டுமானால் தொடை எலும்பு முன்னோக்கிச் சாய்ந்தே தீர வேண்டும். ஆகவே நடையில் நம் கண்ணுக்குத் தெரியும் வீச்சின் பெரும்பகுதி முழங்காலிலும் கணுக்காலிலும் நிகழ்கிறது. இடுப்பு அதிகம் அசைவதில்லை, ஆனால் ஒவ்வோர் அடியிலும் முழுப் பாரமும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. நாற்பது கிலோ எடையுள்ள ஈமு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலும், நூறு கிலோவைத் தாண்டிய தீக்கோழி 70 கிலோமீட்டர் வேகத்திலும் ஓடும்போது, அத்தனை விசையையும் ஒற்றைக் காலின் இடுப்பு மூட்டு மாறி மாறி வாங்கிக்கொள்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மூட்டு ஏன் இவ்வளவு கெட்டியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

மேலே போவதற்கு முன் சொல் குறித்து ஒரு வார்த்தை. நாளிதழ்களில் ‘தசைநார் கிழிவு’ என்று வரும்போது அது எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நாரா, தசையை எலும்போடு பிணைக்கும் நாரா என்பது தெளிவாவதில்லை. இங்கே முன்னதை இணைநார் என்றும் பின்னதைத் தசைநாண் என்றும் சொல்கிறேன். மருத்துவமனையில் நாங்கள் பேசிக்கொள்ளும்போது லிகமென்ட், டெண்டன் என்பதோடு முடிந்துவிடும்.

மனிதர்களின் இடுப்பில் தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்காரும் கிண்ணக்குழிக்கு எலும்பாலான அடி உண்டு. பறவைகளின் கிண்ணக்குழியில் அந்த அடி கிடையாது. நடுவில் திறந்த துளையும், அதை மூடிய நார்ச்சவ்வும் இருக்கும். உலர்ந்த ஈமு இடுப்பெலும்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தத் துளை வழியாக மறுபக்கம் தெரியும். டைனோசர்களிடமிருந்து பறவைகளுக்கு வந்த அமைப்பு இது. தொடை எலும்பின் தலையில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது; அதிலிருந்து புறப்படும் குட்டையான, தடித்த இணைநார் ஒன்று கிண்ணத்தின் உட்பக்கத்தில் பதிந்து, தலையைக் குழிக்குள் உள்ளிருந்தே இழுத்துப் பிடிக்கிறது. இதைத் தொடைத்தலை இணைநார் எனலாம். மூட்டைச் சுற்றியுள்ள உறையின் சுவரிலேயே மேலும் மூன்று இணைநார்கள் தடித்து அமைந்திருக்கின்றன. இடுப்பெலும்பின் மூன்று பகுதிகளான இலியம், இஸ்கியம், ப்யூபிஸ் ஆகியவற்றிலிருந்து தொடை எலும்பின் கழுத்துக்கும் அதன் வெளிமேட்டுக்கும் செல்லும் இவற்றுக்கு அந்தந்த எலும்பின் பெயரே பெயர். இலியத்திலிருந்து வருவது முன்னும் மேலும் காக்கிறது. இஸ்கியத்திலிருந்து வருவது பின்பக்கத்தை. ப்யூபிஸிலிருந்து வருவது உட்புறக் கீழ்ப்பக்கத்தை. கால் அகலமாக விரியும்போது முதலில் முறுக்கேறுவது இந்தக் கடைசி நாரும் தொடைத்தலை இணைநாரும்தான்.

இவற்றோடு, பறவைகளுக்கே உரிய இன்னோர் ஏற்பாடும் இருக்கிறது. கிண்ணக்குழியின் பின்மேல் விளிம்பில், குருத்தெலும்பு போர்த்திய ஒரு மேடு துருத்தி நிற்கும். ஆன்டிட்ரோகான்டர் என்று பெயர். தொடை எலும்பின் கழுத்தும் வெளிமேடும் இந்த மேட்டின் மீது சாய்ந்து நகர்வதால், பறவையின் இடுப்பு ஏறத்தாழ இரண்டு மூட்டுகள் சேர்ந்த ஒன்றாகவே வேலை செய்கிறது. தொடைத்தலையின் மீது விழும் விசையில் ஒரு பங்கை இந்த மேடு ஏற்றுக்கொள்கிறது. கால் வெளிப்பக்கமாக விலகாதபடி முட்டுக் கொடுக்கிறது. முன்னும் பின்னும் ஊசலாடுவதற்கென்றே அமைந்த கீல் இது. பக்கவாட்டில் விரிவதற்கு இடமே வைக்கப்படவில்லை.

படிக்கும் காலத்தில் எலும்புக்கூட்டை வைத்து மூட்டின் அசைவைக் கற்றுக்கொண்ட எங்களுக்கு ஒரு தவறான எண்ணம் நெடுநாள் இருந்தது. உலர்ந்த தொடை எலும்பைக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றினால் அது எல்லாத் திசையிலும் தாராளமாகச் சுழலும். ஆகவே பறவையும் அப்படியே சுழற்றும் என்று எடுத்துக்கொண்டோம். காடையின் இடுப்பு மூட்டை வைத்துச் செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாக உடைத்தது. எலும்பை மட்டும் பார்த்தால் இயலும் என்று தோன்றும் நிலைகளில் மிகப் பெரும்பாலானவை, இணைநார்கள் இருக்கும்போது இயலாதவை என்று அது காட்டியது. காடை சிறியது, பறக்கக்கூடியது. அதன் அளவுகளை ஈமுவுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மூட்டின் எல்லையை வகுப்பது எலும்பைவிட நாரே என்னும் செய்தி, பிரேதப் பரிசோதனை மேசையில் நான் கண்டதோடு ஒத்துப்போகிறது.

பெருந்துறைப் பறவை ஐந்தாம் நாள் இறந்தது. இடுப்பைத் திறந்து பார்த்தபோது, மூட்டுறையின் கீழ்ப்பக்கம் கிழிந்து, குழிக்குள் கறுத்த ரத்தக்கட்டி நிறைந்திருந்தது. தொடைத்தலை இணைநார் நடுவில் அறுந்திருக்கவில்லை. தலையின் பள்ளத்திலிருந்து ஒரு துவரம்பருப்பு அளவுக்குக் குருத்தெலும்பைப் பெயர்த்துக்கொண்டு அடியோடு கழன்று வந்திருந்தது. நார் தாங்கியது, அது ஊன்றியிருந்த இடம் தாங்கவில்லை. ஆன்டிட்ரோகான்டரின் விளிம்பில் குருத்தெலும்பு நசுங்கிய தடம் இருந்தது. கால் வெளிப்பக்கமாக விரிந்தபோது தொடை எலும்பின் மேடு இந்த விளிம்பில் போய் முட்டியிருக்கிறது. அதற்கு மேலும் விரியவே, காக்க வேண்டிய முட்டே நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, தலையைக் குழியிலிருந்து கிளப்பிவிட்டது என்றே நான் புரிந்துகொண்டேன்.

அந்த விரிவு எங்கே நேர்ந்தது என்பதை விசாரித்து அறிய அதிக நேரம் பிடிக்கவில்லை. இரவில் லாரியிலிருந்து இறக்கியபோது, தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்த இரும்புத் தகட்டுத் தளத்தில் பறவை கால் பரப்பி விழுந்திருக்கிறது. நான் கண்ட இடுப்புக் காயங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுவேதான்: வழுக்கும் தளமும், அதன்மேல் மிரண்ட பறவையும். பாசி பிடித்த சிமென்ட் தளம், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய சேறு, மழை நாளில் நனைந்த லாரித் தகடு ஆகிய மூன்றும் என் கணக்கில் முதலிடம் பெறுபவை. தளத்தின் மேல் இரண்டங்குலம் மணலோ மணல் கலந்த மண்ணோ பரப்புவதற்கு ஆகும் செலவு அற்பம். லாரியில் ரப்பர் விரிப்பு போதும். கோணிச் சாக்கை விரிக்காதீர்கள். இந்தப் பறவைகள் கண்ணில் பட்ட நூலையெல்லாம் கொத்தி விழுங்கும், வயிறு அடைத்துக்கொள்ளும்.

பிடிக்கும் முறையும் அடுத்தபடியாக முக்கியம். ஓடும் ஈமுவின் ஒற்றைக் காலைப் பிடித்து இழுப்பதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்டைப் பிடித்துப் பழகிய கை அது. ஆட்டுக்குத் தாங்கும், பறவையின் இடுப்புக்குத் தாங்காது. மூலையில் மெல்ல ஒதுக்கி, பின்பக்கமாக அணுகி, சிறிய இறக்கைகளின் அடியைப் பற்றி, பறவையை நிமிர்ந்த நிலையிலேயே மார்போடு அணைத்துக்கொள்வதுதான் ஈமுவுக்கு ஏற்றது. தீக்கோழிக்குத் தலையில் துணிப்பை மாட்டிக் கண்ணை மறைத்தால் பாதி முரண்டு அடங்கிவிடும். அதன் உதை முன்னோக்கி வருவதால் எதிரே மட்டும் நிற்கக்கூடாது. நண்பகல் வெயிலில் துரத்திப் பிடித்தால் இணைநாருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் தொடைத் தசைகளே வெந்ததுபோல் சிதைந்து, மறுநாள் பறவை எழ மறுக்கும். இதையும் இடுப்பு நழுவலையும் குழப்பிக்கொள்வது எளிது. தசைச் சிதைவில் இரண்டு கால்களும் விறைத்திருக்கும். நழுவலில் ஒன்று மட்டும் திசைமாறிக் கிடக்கும்.

குஞ்சுகளின் கதை வேறு, அதில் நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஏழெட்டு வாரம் அடைகாக்கப்பட்டு வெளிவரும் ஈமுக் குஞ்சை, பொரிப்பானின் ஈரமான வழுவழுப்புத் தட்டிலேயே விட்டுவைத்தால், முதல் நாளிலேயே கால்கள் இருபக்கமும் பரந்துவிடும். அந்த வயதில் உறையும் நார்களும் இளகலாக இருப்பதால் எந்த நிலையில் வைக்கிறோமோ அந்த நிலைக்கே பழகிக்கொள்கின்றன. இரண்டு கால்களையும் கணுக்கு மேலே இயல்பான இடைவெளி விட்டு மென்மையான ஒட்டுத்துணியால் எட்டு வடிவில் பிணைத்து, சொரசொரப்பான விரிப்பில் விட்டால், சில நாட்களில் பல குஞ்சுகள் நேராகிவிடுகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டும்; ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் நான் உறுதி சொல்வதில்லை. குஞ்சுகளில் எல்லாமே இடுப்புக் கோளாறு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாங்கனீசு குறைந்த தீனியால் கணுக்காலின் பின்புறத் தசைநாண் உண்மையிலேயே நழுவக்கூடும். கொழுக்க வைத்து, ஓட இடமின்றி அடைத்து வளர்த்தால் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பே முறுக்கிக்கொள்ளும்.

இடுப்பு என்று ஐயம் வந்தால் நான் விரல்களையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு, முதுகின் அடிப்பள்ளத்தில் பதிந்திருக்கும் சிறுநீரகத்தின் ஊடாக வந்து, கிண்ணக்குழிக்குச் சற்றுப் பின்னால் உள்ள இடைவெளி வழியாகத்தான் வெளியேறுகிறது. மூட்டு நழுவும்போதோ, ரத்தக்கட்டி அழுத்தும்போதோ அந்த நரம்பும் நசுங்கக்கூடும். விரலைக் கிள்ளினால் கால் இழுத்துக்கொள்ளவில்லை, பாதம் மடிந்து விரல்களின் மேற்புறம் தரையில் படுகிறது என்றால் நிலைமை மோசம். எக்ஸ்ரே எடுக்க வாய்ப்பிருந்தால் இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் வரவேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் ஒப்பிட ஒன்றுமில்லை. வளர்ந்த பறவையின் இடுப்பு முழுதாக நழுவி இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டால், அதை மீண்டும் குழியில் உட்கார வைத்தாலும் பிடித்து நிறுத்த நார் இல்லாததால் மறுபடி கழன்றுவிடுகிறது. அப்படிப்பட்ட பறவைகளை வலியின்றி விடுவிப்பதையே நான் பலமுறை பரிந்துரைத்திருக்கிறேன். பாதி கிழிந்த நார் என்றால், மணல் தளமிட்ட சிறிய கூண்டில் தனியே வைத்து, தீனியையும் தண்ணீரையும் எழாமலே எட்டும் உயரத்தில் வைத்து, வலிமருந்தோடு வாரக்கணக்கில் காத்திருந்து எழுந்த பறவைகளும் உண்டு.

இப்போதெல்லாம் பண்ணைக்காரர்கள் புறப்படுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பக்கவாட்டிலிருந்து எடுக்காமல், பறவையின் நேர் பின்னாலிருந்து, முதுகும் இரண்டு பாதங்களும் ஒருசேரத் தெரியும்படி பத்து அடி தூரம் நடக்கவிட்டு எடுங்கள். இடுப்பின் ஒரு பக்கம் தாழ்கிறதா, ஒரு பாதம் வெளிப்பக்கமாக வட்டமடித்து வருகிறதா என்பது பின்னாலிருந்து மட்டுமே தெரியும். பறவை எழவே இல்லையென்றால், எழுப்பிப் பார்க்க முயலாமல், அது கிடக்கும் நிலையிலேயே ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும்.