கிராண்ட்னா மானியமா, நல்கையா?

போன வாரம் பக்கத்து வீட்டு ஆச்சி முகப்புல பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாக, என்னயப் பாத்ததும் "இங்க வாப்பா, பட்டாளத்துக்காரவுகளுக்கு தீக்காய வைத்தியத்துக்கு மானியம் குடுக்குறாகளாமே, கேஸ் சிலிண்டருக்கு மாதிரி பேங்க்ல போட்டு விடுவாகளா?"ன்னு கேட்டாக. வாங்கிப் பாத்தா அது அமெரிக்கா சமாச்சாரம். சண்டையில நெருப்புல வெந்துபோன வீரர்களுக்கு புது சிகிச்சை கண்டுபிடிக்கணும்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு பணம் குடுக்குறாங்க, அத தலைப்புல 'மானியம்'னு போட்டுட்டாங்க. ஆச்சி மேல தப்பே இல்ல, மானியம்னா நம்மூர்ல யாருக்கும் சிலிண்டரும் உரமூட்டையும்தானே ஞாபகம் வரும்.

சரி, கிராண்ட்ங்குற வார்த்தைய மொதல்ல பாப்போம். 'காரைக்குடி செக்காலை ரோட்டு மண்டபத்துல கல்யாணம் கிராண்டா நடந்துச்சு'ன்னு சொல்றோமே, அந்த கிராண்ட் வேற. அது 'பெரிய'ங்குற அர்த்தத்துல வர்றது, தமிழ்ல எழுதும்போது ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடுது, அவ்வளவுதான். நம்ம பேசுற கிராண்ட் பழைய பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்குப் போனது, அங்க அதுக்கு 'உறுதி குடுக்குறது'ன்னு அர்த்தம், இன்னும் அடியில தோண்டுனா லத்தீன்ல 'க்ரேதெரே', அதாவது நம்புறது. கிரெடிட்டும் அதே வேர்ல முளைச்சதுதான். ஆக கடனும் கிராண்டும் பங்காளி வார்த்தைங்க, ரெண்டுமே 'ஒன்ன நம்பி பணம் தர்றேன்'னு சொல்றது, கடன்ல பணம் திரும்பி வரணும், கிராண்ட்ல பணம் வர வேணாம் வேலை நடந்தா போதும். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டிப் போயி வட்டித் தொழில் பண்ண, ஆள் போன நம்ம செட்டிநாட்டுக்கு இத அதிகம் வெளக்க வேண்டியதில்ல.

இப்ப மானியம். இது வடமொழி 'மான்ய', மரியாதைக்குரியதுன்னு அர்த்தம். கோயிலுக்கோ ஊர் வேலை பாக்குறவங்களுக்கோ வரி தள்ளிவிட்டு நிலம் விடுவாங்க, அந்த நிலம்தான் மானியம், கல்வெட்டுத் தமிழ்ல இறையிலி. அதாவது மானியத்துல முக்கியம் 'வாங்க வேண்டியத வாங்காம விடுறது'. இன்னைக்கு விலையில ஒரு பங்க அரசாங்கம் ஏத்துக்கிட்டா அதையும் மானியம்ங்குறோம், அது பொருந்துது. ஆனா ஆராய்ச்சிக்கு குடுக்குற பணத்துல எந்த வரியும் தள்ளல, எந்த விலையும் கொறையல. பல்கலைக்கழக மானியக் குழுன்னு ஒரு தலைமுறை எழுதிப் பழகிட்டதால அப்படியே ஒட்டிக்கிச்சு, இலங்கையில இப்பவும் 'மானியங்கள் ஆணைக்குழு'தான். இங்க பல்கலைக்கழக நல்கைக் குழுன்னும் எழுதுறாங்க, என்னயக் கேட்டா அதுதான் சரி.

நல்கை 'நல்கு'ல இருந்து வர்றது. நல்குதல்னா சும்மா தூக்கிக் குடுக்குறது இல்ல, விரும்பி, மனசு வச்சுக் குடுக்குறது. மேகம் கடல்ல எடுத்த தண்ணிய திரும்ப நல்காமப் போனா அம்மாம்பெரிய கடலும் தன் இயல்புல கொறஞ்சிரும்னு குறள்ல வருதே, 'தான்நல்கா தாகி விடின்', அந்த நல்குதல்தான். (இதுல ஒரு வேடிக்க, 'நல்குரவு'ன்னா வறுமை. கிராண்ட்டுக்கு எழுதிப்போட்டு மாசக்கணக்கா காத்துக்கிடக்குற பிஎச்டி பசங்களுக்கு ரெண்டு வார்த்தையும் பொருந்தும்.)

இந்த வித்தியாசம் எதுக்குன்னா, அந்த தீக்காய ஆராய்ச்சி விஷயத்துலயே பணம் மூணு விதமா போகுது, எல்லாத்துக்கும் மானியம்னு ஒரே முத்திரை குத்துனா ஒண்ணும் புரியாது.

டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுல அமெரிக்க தரைப்படைக்கு சொந்தமா ஒரு அறுவை சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், அதோட சேந்து தீக்காய ஆஸ்பத்திரி இருக்கு. வெந்த ஒடம்புல நீர்ச்சத்து வடிஞ்சு போயிரும், எவ்வளவு டிரிப்ஸ் ஏத்தணும்ங்குறதுதான் மொதல் சிக்கல், கொறஞ்சா கிட்னி போகும், கூடுனா ஒடம்பு வீங்கி அதுவே ஆளக் கொல்லும். குண்டு விழுற எடத்துல பெரிய சூத்திரம் போட்டு கணக்கு பாக்க முடியாதுல்ல, அதனால அந்த நிலையத்துல உள்ளவங்க 'பத்தின் விதி'ன்னு (ரூல் ஆஃப் டென்) ஒரு சுருக்கு வழி கொண்டுவந்தாங்க: 40ல இருந்து 80 கிலோ எடை உள்ள பெரியவங்களுக்கு எத்தன சதவீதம் வெந்துருக்கோ அத பத்தால பெருக்கு, மணிக்கு அத்தன மில்லின்னு ஆரம்பி. 40 சதவீதம்னா 400 மில்லி. அதுக்கப்பறம் ஒண்ணுக்கு எவ்வளவு போகுதுன்னு பாத்து கூட்டிக் கொறச்சுக்கணும். இதுக்குப் போன பணம் நல்கை இல்ல, சொந்த நிலையத்துக்கு பட்ஜெட்ல வைக்கிற ஒதுக்கீடு.

வெளிய இருக்குற யூனிவர்சிட்டி, ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு போட்டி வச்சு குடுக்குறாங்க பாருங்க, அதுதான் நல்கை. அமெரிக்க நாடாளுமன்றம் பாதுகாப்புத் துறை மூலமா நடத்துற மருத்துவ ஆராய்ச்சித் திட்டங்கள் 1992ல மார்பகப் புற்றுநோயில ஆரம்பிச்சது, ராணுவ தீக்காயத்துக்குன்னு தனிக் கிளை 2011ல வந்துச்சு. எழுதிப்போடுறத ரெண்டு கட்டமா வடிகட்டுவாங்க, மொதல்ல அறிவியல் சரியான்னு, அப்பறம் நம்ம திட்டத்துக்கு தேவையான்னு. அந்தக் குழுவுல டாக்டருங்க மட்டும் இல்ல, அந்த நோவ அனுபவிச்சவங்களும் ஒக்காந்து மார்க் போடுவாங்க, தோல் ஒட்டுன ஒருத்தர் எதுர்ல இருக்கும்போது காகிதத்துல மட்டும் நல்லாருக்குற ஐடியாவ விக்கிறது கஷ்டம்தான்.

மூணாவது ஒப்பந்தம். அவங்க சுகாதாரத் துறையில பார்டான்னு ஒரு அமைப்பு இருக்கு, கூட்டங்கூட்டமா மக்கள் பாதிக்கப்பட்டா என்ன மருந்து கைவசம் இருக்கணும்னு பாக்குறது. அது கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, இன்ன இன்ன கட்டம் முடிஞ்சா இவ்வளவுன்னு பணம் குடுக்கும், மருந்து தயாரானா வாங்கியும் வைக்கும். ரீசெல்னு ஒரு கருவி, தபால் தல அளவு நல்ல தோல எடுத்து செல்லாப் பிரிச்சு காயத்து மேல ஸ்பிரே அடிக்கிறது, எடுத்த தோலப்போல 80 மடங்கு பரப்ப மூடலாம்ங்குறாங்க. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல ஃபியோனா வுட்னு ஒரு டாக்டர் வளர்த்தெடுத்த வழி, 2002 பாலி குண்டுவெடிப்புல வெந்தவங்களுக்கு அவங்க இத அடிச்சப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுச்சு, அமெரிக்காவுல அனுமதி கெடைக்க 2018 ஆயிருச்சு, நடுவுல ராணுவப் பணமும் பார்டா பணமும் ரெண்டும் போயிருக்கு.

இன்னொண்ணு நெக்சோபிரிட். வெந்து செத்த தோல கத்தியால சொரண்டி எடுக்காம, அன்னாசித் தண்டுல எடுக்குற நொதியப் பூசி நாலு மணி நேரத்துல கரைச்சு எடுக்குறது, 2022 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுது. சர்ஜன் இல்லாத எடத்துக்கு ஏத்ததுதான், ஆனா ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். பாலைவனத்துல ஃப்ரிட்ஜுக்கு எங்க போறது, அதனால வெயில் தாங்குற மாதிரி மாத்தச் சொல்லி அவங்க பாதுகாப்புத் துறை தனியா பணம் போட்டுச்சு. பெருசா வெந்துபோறவங்க எண்ணிக்கை கம்மி, மருந்துக் கம்பெனிக்கு அதுல லாபம் பத்தாது, அரசாங்கம் பணம் போடலன்னா இந்த வேலை பாதியில நின்னுரும்.

தீக்காயத்த விட்டு வெளிய வந்தா நாலாவதா ஒண்ணு இருக்கு, நம்மூருக்கு நல்லாத் தெரிஞ்சது, கொடை. காரைக்குடியில சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வரணும்னு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூவாயும் குடுத்தாரு, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு, 1953ல தொறந்தாங்க. அது கொடை, போட்டி வச்சு ஆள் எடுத்துக் குடுத்ததில்ல. கிராண்ட்டுக்கு 'மகமை'ன்னு போட்டா என்னன்னு எனக்கே ஒரு ஆசை இருந்துச்சு, நம்ம மண்ணு வார்த்தையாச்சே. ஆனா மகமை யாவாரத்துல வர்றதுல ஒரு பங்க கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைக்கிறது, எங்கருந்து வருதுங்குறதச் சொல்லுதே ஒழிய எதுக்குப் போகுதுன்னு சொல்லல, அதனால விட்டுட்டேன்.

எழுதும்போது ஆய்வு நல்கை, நல்கை அறிவிப்பு, நல்கை பெற்றவர்னு தாராளமா சேக்கலாம். 'கிராண்ட் சாங்ஷன் ஆயிருச்சு'ங்குறதுக்கு ஆபீஸ் தமிழ்ல ஒப்பளிப்புன்னு நல்ல வார்த்தை இருக்கு, 'நல்கை ஒப்பளிச்சாச்சு'. பேசும்போது கிராண்ட்னே சொல்லுங்க, நானும் அப்படித்தான். 'நிதியுதவி' தப்பில்ல, ஆனா கஷ்டத்துல இருக்குறவனுக்கு கைதூக்கி விடுற வாடை அடிக்கும், ஆராய்ச்சிக்காரர் உதவி கேட்டு நிக்கல, வேலைய ஏத்துக்கிட்டு நிக்கிறாரு. அந்தத் தலைப்ப நான் போட்டா 'படைவீரர் தீக்காய மருத்துவ ஆய்வுக்கு நல்கை'ன்னு போட்ருப்பேன்.

ஆச்சிகிட்ட இத்தனையும் சொன்னேன். "வட்டி கெடையாது, மொதலும் திரும்ப வராது, ஆனா கணக்கு மட்டும் காட்டணுமாக்கும்"னு கேட்டாக, ஆமா ஆச்சி, வருசா வருசம் ஐந்தொகை மாதிரி குடுக்கணும்னேன். கொஞ்ச நேரம் பேப்பரயே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "அது கெடக்கட்டும், அன்னாசித் தண்டுல மருந்துங்கிறியே, நெசமாத்தானா?"ன்னாக.